வீட்டைவிட்டு யார் போவது

ஜூன் 9

அன்புத் தங்கைக்கு,

சுண்டுவை உன்னிடம் விட்டுவிட்டு நான் பத்திரமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உன் உடம்பும் மாப்பிள்ளை உடம்பும் எப்படி என்று எழுது.

போனில் பேச வேண்டாம் என்று நீ சொன்னது சரிதான். உங்கள் வீடு ஒற்றை அறை. நீ பேசுவதெல்லாம் சுண்டு காதில் விழும். இங்கேயும் போன் அடித்தாலே உன் அண்ணியின் முகம் மாறிவிடுகிறது. கடிதம் என்றால் நிதானமாக எழுதலாம். ஆனால் டைல்ஸ் ஒட்டிப் பழகிய கைக்குப் பேனா பிடிபடவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அவனை என்ன செய்யப் போகிறீர்கள் என்று வாசலில் நீ கேட்ட கேள்விக்கு அப்போது பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்திலேயே சுண்டு நின்றாள். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சொந்தத் தாய்மாமனே அப்படி நடந்துகொள்வான் என்று யார் நினைத்தார்கள்? அவன் விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அதைப் போட்டு மனதை உழப்பிக்கொள்ளாதே. உங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. கேட்கிறவர்களிடம், அத்தை ஊரில் பள்ளிக்கூடம் நல்லது, அதனால் அனுப்பினோம் என்று சொல்லியிருக்கிறோம். நீயும் அப்படியே சொல்.

இடம் மாறினால் மறந்துவிடுவாள். குழந்தைதானே.

முட்டையில் வெள்ளை மட்டும் சாப்பிடுவாள். தலைக்குக் குளிக்க அடம் பிடிப்பாள். திட்டாதே.

உன் அண்ணன்


ஜூன் 28

அண்ணனுக்கு,

இங்க நாங்க மூணு பேரும் இருக்கோம். நல்லா இருக்கோம்னு எழுத வந்தேன், பேனா நின்னுடுச்சு. உங்க முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் குடுங்க. அண்ணி எப்படி இருக்காங்க?

சுண்டு சாப்பிடறா. ஆனா கட்டில்ல படுக்க மாட்டேங்கறா. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கே, அதுலதான் தூங்கறா. இந்தப் புழுக்கத்துல ஸ்வெட்டர், சாக்ஸ் எல்லாம் போட்டுக்கிட்டு. கழட்டிவிடலாம்னு ஒரு நாள் கைய வச்சேன். அழல, கத்தல. அப்படியே மரக்கட்டை மாதிரி ஆயிட்டா. அதுக்கப்புறம் நான் கைய வைக்கல. படுக்கையில ஒண்ணுக்குப் போயிடறா. நான் எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே அவளா துணிய அலசிப் போட்டுட்டு உக்காந்திருக்கா. சத்தமே வராம எப்படி அலசறதுன்னு எங்க கத்துக்கிட்டாளோ தெரியல.

உங்க மாப்பிள்ளை வந்தா கதவு மறைவுல போய் நின்னுக்கறா. அதனால இவர் இப்ப கீழ் மாடியிலேயே இருமிக்கிட்டு ஏறி வர்றார், தான் வர்றது அவளுக்குத் தெரியட்டும்னு. நாள் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பண்ணிட்டு வந்து படிப்படியா இருமறார். எதிர்வீட்டுக்காரங்க நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கன்னு அட்ரஸ் எழுதிக் குடுத்துட்டாங்க. சாப்பாட்டத் தூக்கிக்கிட்டுப் போய் வராந்தாவுல ஸ்டூல் போட்டுச் சாப்பிடறார். கேட்டா, "எனக்குக் காத்து வேணும்"ங்கறார்.

ஒரு சின்ன விஷயம். அத்தை புருஷனும் மாமா, அம்மாவோட தம்பியும் மாமா. நம்ம பாஷையில ரெண்டு பேருக்கும் ஒரே வார்த்தை. "மாமாவுக்குத் தண்ணி குடு"ன்னு நான் தெரியாம சொல்லிட்டேன். டம்ளர் கையிலிருந்து விழுந்துடுச்சு. இப்ப அவ இவர எந்தப் பேர் சொல்லியும் கூப்பிடறதில்ல.

சீருடை தைக்கற கம்பெனியில காலை ஷிப்ட் மட்டும் கேட்டு வாங்கிட்டேன். சூப்பர்வைசர் முணுமுணுத்தார். காலர் தைக்க என்னை மாதிரி ஆள் கிடைக்காதுன்னு அவருக்கும் தெரியும்.

பள்ளிக்கூடத்துல டீச்சர் கூப்பிட்டாங்க. பின் பெஞ்சுப் பையன் ரப்பர் கேட்டுத் தோளத் தொட்டிருக்கான். இவ அவன் முகத்தப் பிராண்டிட்டா. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போனேன். டீச்சர், "திட்டறதுக்குக் கூப்பிடலம்மா"ன்னு சொல்லி ஒரு நோட்டீஸ் குடுத்தாங்க. சமுதாயக் கூடத்துல சனிக்கிழமை தோறும் வகுப்பாம். குழந்தைங்கள எப்படிப் பாதுகாக்கறது, அடிபட்ட குழந்தைய எப்படிப் பார்த்துக்கறதுன்னு. போய்ப் பார்க்கறேன்.

அண்ணிய ஒரு வரி எழுதச் சொல்லுங்க. சுண்டு கேக்கல. ஆனா தபால்காரர் வர்ற நேரம் ஜன்னல் பக்கம்தான் நிக்கறா.

உங்க தங்கை


ஜூலை 21

அண்ணனுக்கு,

உங்ககிட்ட இருந்து பதில் வரல. வேலை அதிகம்னு நினைச்சுக்கறேன். உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?

வகுப்புக்குப் போய்ட்டு வந்தேன். வகுப்பு எடுக்கற ஆலோசகர் அம்மா நம்மளவிட அசதியா இருந்தாங்க. காலையிலிருந்து கோர்ட், ஆஸ்பத்திரின்னு அலைஞ்சுட்டு நேரா வந்திருக்காங்க. செருப்பக் கழட்டி நாற்காலிக்கு அடியில விட்டுட்டுத்தான் பேச ஆரம்பிச்சாங்க.

எடுத்ததும் ஒரு பெரிய மனுஷன் எழுந்தார். மெக்கானிக் மாதிரி இருந்தார். "இதையெல்லாம் வெளிப்படையாப் பேசினா பிள்ளைங்க கெட்டுப் போயிடும்மா. எங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?"

அந்த அம்மா தண்ணி குடிச்சுட்டு மெதுவாக் கேட்டாங்க: "உங்க காலத்துல நடக்கலையாங்க? இல்ல, யாரும் சொல்லலையா?"

 அவர் மெதுவா உக்காந்துட்டார். அடுத்த சனிக்கிழமை எல்லாருக்கும் முன்னாடி வந்து நாற்காலி விரிச்சுப் போட்டுக்கிட்டிருந்தது அவர்தான்.

நிறையச் சொன்னாங்க. உடம்புல இருக்கற எல்லா உறுப்புக்கும் அதது பேரச் சொல்லிக் குடுங்க, பேரே தெரியாத குழந்தை என்னன்னு வந்து சொல்லும்? சொந்தக்காரங்க மடியில போய் உக்காருன்னு கட்டாயப்படுத்தாதீங்க. வீட்ல யார்கிட்டயும் சொல்லாதன்னு ஒருத்தர் சொன்னா அதத்தான் முதல்ல வந்து சொல்லணும்னு பழக்குங்க. எல்லாம் போகட்டும், ஒரு குழந்தை வந்து சொல்லிடுச்சுன்னா நம்ம வாயிலிருந்து முதல்ல என்ன வரணும்? நான் உன்னை நம்பறேன், இது உன் தப்பு இல்ல, சொன்னது நல்லதாப் போச்சு. அவ்வளவுதானாம். பக்கத்துல இருக்கறவங்ககிட்ட சொல்லிப் பழகுங்கன்னாங்க. எனக்குப் பக்கத்துல ரொட்டிக்கடைக்கார அம்மா. ரெண்டு பேருக்கும் வாய் வரல. சிரிச்சோம். சிரிச்சுக்கிட்டே இருந்தவங்க திடீர்னு முந்தானையால முகத்தப் பொத்திக்கிட்டாங்க.

மறுநாள் மாடியில துணி காயப்போடும்போது சுண்டுகிட்ட சொன்னேன். அவ கிளிப் எடுத்துக் குடுத்துக்கிட்டிருந்தா. நான் சட்டையப் பார்த்துக்கிட்டேதான் சொன்னேன், முகத்தப் பார்த்துச் சொல்லத் தெம்பில்ல. "நீ சொன்னத நான் நம்பறேன். உன் மேல தப்பே இல்ல."

அவ இன்னும் ரெண்டு கிளிப் குடுத்தா. அப்புறம் கேட்டா: "தப்பு பண்ணவங்களத்தான வீட்டவிட்டு அனுப்புவாங்க? என்னை எதுக்கு அனுப்பினாங்க?"

நான் அவசரத்துல, இங்க பள்ளிக்கூடம் நல்லதுன்னு சொல்லிட்டேன். ஊருக்குச் சொல்ற பொய்ய அவகிட்டயே சொல்லிட்டேன். அவ என்னைப் பார்த்த பார்வைய எழுத வரல.

அண்ணா, இந்தக் கேள்விக்கு நீங்கதான் பதில் எழுதணும். எனக்கில்ல, அவளுக்கு.

உங்க தங்கை


ஆகஸ்ட் 17

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. இங்கே எல்லாருக்கும் சௌகரியம். மாப்பிள்ளையை இருமி இருமித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

புதிதாகக் கட்டுகிற ஆஸ்பத்திரி ஒன்றில் எல்லா மாடிக்கும் தளம் போடுகிற வேலை கிடைத்திருக்கிறது. ஒவ்வொரு டைல்ஸும் ஆள் உயரம். தனி ஆளாகத் தூக்க முடியாது. காலையில் நாங்கள் இருவரும் கிளம்பினால் வீடு திரும்ப இருட்டிவிடுகிறது. அதனால்தான் எழுத முடியவில்லை.

அண்ணி சுண்டுவுக்கு ஒரு கவுன் அனுப்பியிருக்கிறாள். அளவு சரியாக இருக்கிறதா என்று எழுது. கீழ் வீட்டுப் பெண் பிள்ளைகள் இரண்டும் சுண்டு எப்போது வருவாள் என்று கேட்டுக்கொண்டே இருக்கின்றன. அவர்கள் அம்மா வேலை முடிந்து ராத்திரி வரும்வரை நம் வீட்டில்தான் டிவி பார்க்கின்றன.

அந்த வகுப்புக்கு அதிகம் போகாதே. நாலு பேர் கூடுகிற இடம். நம் வீட்டு விஷயம் அங்கே போய் விழ வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்


ஆகஸ்ட் 24

அண்ணனுக்கு,

கவுன் வந்துச்சு. அளவு சரியா இருக்கு. பட்டன் முதுகுப் பக்கம் இருக்கறதால போட மாட்டேன்னுட்டா, அவ இப்ப யாரையும் பட்டன் மாட்ட விடறதில்ல. நான் பிரிச்சு முன்பக்கம் வச்சுத் தச்சுக் குடுத்தேன். போட்டுக்கிட்டா. அண்ணிகிட்ட சொல்லுங்க.

வகுப்புல போன வாரம் சொன்னாங்க, இப்படிப் பண்றவங்க பெரும்பாலும் குழந்தைக்கு நல்லாத் தெரிஞ்சவங்கதானாம். வேலியே பயிர மேயுதுன்னு நாம பழமொழியாச் சொல்லிட்டுப் போயிடறோம். அந்த அம்மா தினமும் அந்த வேலிய எதிர்ல உக்கார வச்சுப் பேச வேண்டியிருக்கு.

சரி, சுத்தி வளைக்காம கேட்டுடறேன். நாங்கள் இருவரும்னு எழுதியிருக்கீங்க. அந்த இன்னொருத்தர் யாரு? உங்ககூட டைல்ஸ் வெட்டற மெஷின் பிடிக்கறது எப்பவும் அண்ணியோட தம்பிதான். வேற ஆள் சேர்த்துட்டீங்களா?

விஷயத்தைப் பார்த்துக்கறேன்னு ஜூன் மாசம் எழுதினீங்க. அவன அன்னைக்கே வெளிய அனுப்பிட்டீங்கன்னு நான் எடுத்துக்கிட்டேன். இப்ப அந்தக் கடிதத்த மறுபடியும் படிச்சேன். அனுப்பிட்டேன்னு அதுல ஒரு வார்த்தைகூட இல்ல.

அண்ணா, அவன் நம்ம வீட்லதான் இருக்கானா? கீழ் வீட்டுப் பிள்ளைங்க ராத்திரி வரைக்கும் யார் பக்கத்துல உக்காந்து டிவி பார்க்குதுங்க?

சீக்கிரம் எழுதுங்க.

உங்க தங்கை


செப்டம்பர் 6

அண்ணனுக்கு,

நலமா இருக்கீங்களா? இருக்கான், இல்ல, ரெண்டுல ஒரு வார்த்தை எழுதினா போதும்.

உங்க தங்கை


செப்டம்பர் 15

தங்கைக்கு,

இருக்கிறான்.

இந்த ஒரு வார்த்தையை எழுதத்தான் இத்தனை நாள் ஆனது. இனி மற்றதையும் எழுதிவிடுகிறேன்.

உன் அண்ணிக்கு விவரம் தெரிகிற வயதில் அவள் அம்மா இறந்துவிட்டார். அவன் அப்போது கைக்குழந்தை. இடுப்பில் வைத்து வளர்த்தவள் இவள்தான். தம்பி என்று சொல்வதைவிடப் பிள்ளை என்று சொல்லலாம். சுண்டு முதலில் அவளிடம்தான் போய்ச் சொல்லியிருக்கிறாள். "மாமாவைப் பத்தி வாய்க்கு வந்ததச் சொல்லாத" என்று இவள் அறைந்துவிட்டாள். பிறகு சுண்டு என்னிடம் சொன்னாள். நான் நம்பினேன். அதை மட்டும் நீ நம்பு.

அவனை அடித்தேன். கீழே விழுந்து காலைப் பிடித்துக்கொண்டான். இனிமேல் இல்லை என்று அழுதான். அண்ணி நடுவில் வந்து நின்றாள். "அவன அனுப்பினா என்னைப் பிணமாத்தான் பார்ப்பீங்க" என்றாள். இரண்டு பேரில் ஒருவர் வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்று ஆகிவிட்டது. அவனுக்குப் போக இடம் இல்லை. சுண்டுவுக்கு நீ இருந்தாய். அவ்வளவுதான் நடந்தது. நல்லதா கெட்டதா என்று உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு இல்லை.

தினமும் அவனோடு வேலைக்குப் போகிறேன். டைல்ஸின் ஒரு ஓரத்தை நான் பிடிக்கிறேன், மறு ஓரத்தை அவன் பிடிக்கிறான். இறக்கு, நகர்த்து என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. வீட்டில் மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துச் சாப்பிடுகிறோம். தூக்கம் போய்விட்டது.

கீழ் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாய். அவர்கள் இருக்கும்போது அண்ணி அந்த இடத்தைவிட்டு எழுந்திருப்பதில்லை. கதவைத் திறந்தே வைக்கிறாள். ஒன்றும் ஆகாது.

உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், யாரிடமும் சொல்லாதே. வெளியே தெரிந்தால் சுண்டு பேர்தான் கெடும்.

உன் அண்ணன்


செப்டம்பர் 19

அண்ணனுக்கு,

சொல்லிட்டேன்.

உங்க கடிதத்தப் படிச்சுட்டு நேரா ஆலோசகர் அம்மா ஆபீசுக்குப் போனேன். உங்ககிட்ட கேட்டுட்டுப் போயிருக்கலாம். கேட்டா வேண்டாம்னு சொல்வீங்க, நானும் இன்னும் ஒரு மாசம் உங்க கடிதத்துக்குக் காத்துக்கிட்டிருப்பேன். ஏற்கனவே காத்திருந்ததே அதிகம். போன மாசமே போயிருக்கணும். அண்ணன் அப்படி இருக்க மாட்டார்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டிருந்தேன்.

ஒண்ணும் ஆகாதுன்னு எழுதியிருக்கீங்க. அப்ப அண்ணி ஏன் எழுந்திருக்காம உக்காந்திருக்காங்க, ஏன் கதவத் திறந்து வைக்கறாங்க? ஆகும்னு அவங்களுக்குத் தெரியும். அடுப்புல பால் பொங்கிடும்னு பக்கத்துலயே நிக்கற மாதிரிதான நிக்கறாங்க? ஒரு நாள் வாசல்ல யாரோ கூப்பிடற சத்தம் கேட்டுத் திரும்புவாங்க. அவ்வளவு போதும்.

சுண்டு பேர் கெடும்னு சொல்றீங்க. அவ என்ன தப்பு பண்ணா அண்ணா, அவ பேர் கெடறதுக்கு?

சாதாரண உடுப்புல ஒரு பெண் போலீஸ் வந்தாங்க. ஆலோசகர் அம்மா அறையிலதான் பேசினாங்க. நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன். உங்க மாப்பிள்ளையும் வேலைய விட்டுட்டு வந்து தெருவுல நின்னார். சுண்டு வெளிய வந்து, "அவங்க என்னை ஒரு தடவதான் கேட்டாங்க, நம்பிட்டாங்க"ன்னா. வீட்டுக்கு வந்து படுத்தவ மறுநாள் மத்தியானம் வரைக்கும் தூங்கினா.

இனிமே உங்க வீட்டுக்கு வருவாங்க. உங்களையும் அண்ணியையும் கேப்பாங்க. நீங்க என்கூடப் பேசாமப் போனாலும் சரி. எனக்குக் கை ஓயுது, இதோட நிறுத்தறேன்.

உங்க தங்கை


டிசம்பர் 2

உனக்கு,

உன் அண்ணன் எழுத மாட்டேன்னு சொல்லிட்டார். அதனால நான் எழுதறேன். உடம்புக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டு பேரும் நடமாடிக்கிட்டிருக்கோம்.

அவன போலீஸ் அழைச்சுக்கிட்டுப் போய் ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. வழக்கு எப்ப முடியும்னு யாருக்கும் தெரியல. அவங்க வந்தப்ப அவன் என்னைத்தான் பார்த்தான். சின்ன வயசுல இருட்டுல பயந்தா பார்ப்பானே, அதே பார்வை. நான் ஏதாவது சொல்லுவேன்னு பார்த்தான். போலீஸம்மா என்கிட்ட, "குழந்தை உங்ககிட்ட சொன்னாளா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன். வேற என்ன சொல்ல முடியும்?

அவன அழைச்சுக்கிட்டுப் போன ராத்திரி கீழ் வீட்டு அம்மா மேல வந்தா. எப்பவும் உள்ள வந்து உக்காருவா. அன்னைக்குப் படியிலயே நின்னா.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா என் பிள்ளைங்கள இங்க உக்கார வச்சீங்க?"

நான் கூடவே இருந்தேன், கதவு திறந்துதான் இருந்துச்சுன்னு சொல்ல வாயெடுத்தேன். எனக்கே அது அசிங்கமா இருந்துச்சு. அவ பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகல. கேட்டுப் பார்த்துட்டாங்க. ஆனா சின்னவளுக்கு அவன் தினமும் மாடிப்படியில வச்சு மிட்டாய் குடுத்துக்கிட்டிருந்திருக்கான், அம்மாகிட்ட சொல்லாதன்னு சொல்லி. சுண்டுவுக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சிருக்கு. அது எனக்கு இப்பதான் தெரியும். அவ சொல்ல வந்தப்ப நான் காது குடுத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்.

உன்னை மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரல. நீ பண்ணது தப்புன்னு சொல்லவும் வாய் வரல. நடுவுல எங்கயோ கிடக்கறேன். வேலைக்குப் போறேன், வர்றேன், சமைக்கறேன். ரெண்டு பேருக்கு அளவா வைக்க இன்னும் வரல, தினமும் மிஞ்சுது.

என் பிள்ளையப் பார்க்கணும். வரலாமான்னு அவகிட்ட கேளு. வேண்டாம்னு சொன்னா அதையும் எழுது.

உன் அண்ணி


பிப்ரவரி 3

அண்ணனுக்கு,

நாங்க நல்லா இருக்கோம். இந்தத் தடவ தயங்காமத்தான் எழுதறேன். நீங்களும் தேறி வருவீங்கன்னு நம்பறேன்.

அண்ணி வந்துட்டுப் போனத அவங்க எப்படிச் சொன்னாங்களோ தெரியல. நான் பார்த்தத எழுதறேன்.

அம்மா வரலாம், ஆனா ராத்திரி தங்கக் கூடாதுன்னு சுண்டு முன்னாடியே சொல்லிட்டா. வேற யாரும் வரக் கூடாதுன்னும் சொன்னா. நானும் அண்ணிக்கு எழுதியிருந்தேன்: நீங்களா போய்க் கட்டிப் பிடிக்காதீங்க, அவளக் கேளுங்க. நீங்க அழுது அவ உங்களச் சமாதானப்படுத்தற மாதிரி ஆக வேண்டாம். பெரிசா மன்னிப்புக் கேட்டு அவகிட்ட பதில் எதிர்பார்க்காதீங்க. ஆலோசகர் அம்மா சொன்னதுதான் எல்லாம். எழுதும்போது பெத்தவளுக்கு நான் யாரு சட்டம் போடன்னு எனக்கே கூச்சமா இருந்துச்சு.

அண்ணி வராந்தாவுல ஸ்டூல்ல உக்காந்தாங்க. சுண்டு நிலைப்படியில சாய்ஞ்சு நின்னா.

"பக்கத்துல வரட்டுமா?"

"வேண்டாம்."

"சரி."

எதிர்வீட்டுல யாரோ பாத்திரம் தேய்ச்சு முடிச்சாங்க.  அப்புறம் சுண்டுதான் ஆரம்பிச்சா.

"நீ என்னை அடிச்ச."

"ஆமா."

"நான் பொய் சொல்லல."

"இல்ல. நீ பொய் சொல்லல. நான்தான் கேக்கல."

அண்ணி அழல. முழங்கால் மேல கைய இறுக்கிக் கோத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க, விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போச்சு. சுண்டு கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தா. அப்புறம், "அடுத்த தடவ வரும்போது என் சைக்கிளக் கொண்டு வா"ன்னா. அண்ணி முகம் ஒரு நிமிஷம் மலர்ந்து, உடனே வாடிடுச்சு. அடுத்த தடவ வரலாம்னு அர்த்தம். இங்கயேதான் இருக்கப் போறேன்னும் அர்த்தம்.

ராத்திரி இப்ப கட்டில்ல படுக்கறா. எல்லா நாளும் இல்ல. உங்க மாப்பிள்ளைக்கு ஒரு பேர் வச்சுட்டா, "இருமல்"னு. "இருமல் வந்தாச்சு, சாப்பாடு போடுங்க"ங்கறா. இவருக்கு அதுல அவ்வளவு பெருமை, உள்ள வந்து உக்காந்து சாப்பிட ஆரம்பிச்சுட்டார். கெட்ட நாளும் வருது. போன வாரம் பள்ளிக்கூடத்துல யாரோ கதவப் படார்னு சாத்தினாங்கன்னு மேஜைக்கு அடியில போய் உக்காந்துட்டா. டீச்சரும் கீழ உக்காந்து மீதிப் பாடத்த அங்கயே நடத்தியிருக்காங்க. ஆறிடுச்சுன்னு நினைக்கறப்ப ஒரு நாள் இப்படித் திரும்பி வருது. ஆலோசகர் அம்மாகிட்ட, இது எப்பதான் முடியும்னு கேட்டேன். "எனக்குத் தெரிஞ்சா உங்களுக்கு முன்னாடி நான் போய்த் தூங்குவேன்"ன்னாங்க.

அன்னைக்கு நீங்க பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்திருந்தீங்கன்னு அண்ணி கிளம்பும்போதுதான் சொன்னாங்க. அவ கூப்பிடாததால வராம இருந்தது நல்லதுதான். ஆனா எழுதறதுக்கு யாரும் கூப்பிட வேண்டாம். துணி காயப்போட்டப்ப அவ கேட்ட கேள்வி அப்படியே நிக்குது. எனக்கு எழுதாட்டியும் பரவாயில்ல. அவளுக்கு எழுதுங்க.

உங்க தங்கை


பிப்ரவரி 22

என் சுண்டுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ நன்றாக இருக்கிறாய் என்று அத்தை எழுதியிருந்தாள். இங்கே அம்மாவும் நானும் இருக்கிறோம்.

தப்பு செய்தவர்களைத்தானே வீட்டைவிட்டு அனுப்புவார்கள் என்று அத்தையிடம் கேட்டாயாம். நீ கேட்டது சரி. அப்படித்தான் செய்திருக்க வேண்டும். அப்பா மாற்றிச் செய்துவிட்டேன். அவனை வெளியே அனுப்பியிருக்க வேண்டும். சண்டை வரும், ஊர் பேசும் என்று பயந்து உன்னை அனுப்பினேன். நீ ஒரு தப்பும் செய்யவில்லை. அம்மாவிடம் சொன்னாய், அவள் கேட்கவில்லை என்றதும் என்னிடம் வந்து சொன்னாய். அது எனக்கு வராத தைரியம்.

நம் கட்டடத்தில் கீழ் வீட்டு அம்மா ஒரு வகுப்புக்கு ஏற்பாடு செய்திருக்கிறார், உன் அத்தை போகிறாளே, அதே மாதிரி. நானும் போனேன். கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். கீழ் வீட்டு அம்மா என்னோடு பேசவில்லை. அடுத்த வாரமும் போவேன்.

கோர்ட்டில் கூப்பிடும்போது நான் போய், நீ என்னிடம் சொன்னதையும் அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லப் போகிறேன். அம்மாவும் வருவாள்.

சைக்கிளுக்குக் காற்று அடித்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.

நீ பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

அப்பா


மார்ச் 11

அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். அத்தையும் நல்லா இருக்காங்க.

உங்க கடிதத்தப் படிச்சுக் காட்டவான்னு அத்தை கேட்டாங்க. நானே படிச்சுக்கறேன்னு சொன்னேன். ரெண்டு தடவ படிச்சேன். சில இடத்துல எழுத்து புரியல.

எனக்கு உங்க மேல கோபம் இருக்கு. அம்மா மேலயும் இருக்கு. கோபம் இருக்கலாமான்னு ஆலோசகர் ஆன்ட்டிகிட்ட கேட்டேன். இருக்கலாம்னாங்க. எவ்வளவு நாள் இருக்கலாம்னு கேட்டேன். அது உன் இஷ்டம்னாங்க.

அதனால நான் கொஞ்ச நாளைக்குப் பதில் எழுத மாட்டேன். நீங்க எழுதுங்க. பதில் வரலன்னு நிறுத்திடாதீங்க. எழுத்த மட்டும் கொஞ்சம் பெருசா எழுதுங்க.

சுண்டு